ஆற்றில் விட்ட புடவை

நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவனுக்கு நரகத்தில் தனி அறை உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால், என் அறையில் ஒரு தையல் மிஷின் போட்டு வைத்திருப்பார்கள்.

நான் எட்டாவது வரை படித்த தையல்காரன். கும்பகோணத்துக்குக் கிழக்கே காவிரிக் கரையில் வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் சிவன் கோயிலில் உழவாரப் பணி. நாலைந்து பேர் சேர்ந்து பிராகாரத்தில் புல் செதுக்குவோம், படித்துறையைக் கூட்டுவோம். மாசியில் ஆற்றில் தண்ணீர் நின்றதும் பார்த்தால், படித்துறைக்குக் கீழே துணி துணியாகக் கிடக்கும். கருமாதி முடித்துக் குளிப்பவர்கள், தாங்கள் உடுத்தியதையும் செத்தவர்கள் உடுத்தியதையும் ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். அதெல்லாம் வாய்க்கால் மதகில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வருஷம் அப்படி அடைத்ததில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாமல், கதிர் பாலிலேயே காய்ந்தது.

மற்றவர்கள் துணியை அள்ளிக் கொளுத்தினார்கள். அந்தப் புகையில் சாமி கும்பிடவே மூச்சு முட்டியது. நான் மட்டும் நல்லதாகப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெந்நீரில் சோடா போட்டு அலசி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை தைப்பதாகத் திட்டம்.

மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"சிவனே சுடுகாட்டுச் சாம்பலைப் பூசிக்கிறாரு. நமக்கு ஒரு புடவை ஆகாதா?" என்றேன்.

"அவருக்குக் கட்டிக்குடுக்கப் பொண்ணு இல்லீங்க" என்றாள்.

(இருபத்தெட்டு வருஷத்தில் அவள் சொன்ன எதையும் சொன்ன அன்றே நான் கேட்டதில்லை.)

கார்த்திகையில் மகளுக்கு வரன் குதிர்ந்தது. நல்ல பையன். அம்மா தவறிப்போய், முதல் வருஷத் திதி அப்போதுதான் முடிந்திருந்தது. நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். தாம்பூலத்துக்கு மஞ்சள் பை வாங்கிவரச் சொன்னாள் மனைவி. அறுபது பை கையில் இருக்கும்போது வாங்குவதாவது? அவளுக்குத் தெரியாமல் கடையிலேயே தைத்து வைத்திருந்தேன். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி என்று சொல்லிவிட்டேன். திருநீறு பூசிய நெற்றியோடு சொன்ன பொய்.

தட்டு மாற்றியாயிற்று. சாப்பாடு ஆயிற்று. தாம்பூலம் கொடுக்கும்போது, பிளாஸ்டிக்கால் பூமித்தாய் படும் பாட்டைப் பற்றி நானாகவே ஒரு சின்னப் பிரசங்கம் வேறு செய்தேன். பழையது எதுவும் வீண் இல்லை, கையில் இருப்பதே ஒரு காலத்தில் புடவைதான் என்றேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

மாப்பிள்ளையின் அத்தை தன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரிப்பூ நிறம். நடுவில் பச்சை நூலால் இழையோட்டிய ஒரு கிழிசல். (நல்ல கைவேலை என்று நான்தான் அதைப் பிரிக்காமல் விட்டிருந்தேன்.)

"அண்ணே, இதைப் பாருங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினார். "இது அண்ணி போட்ட தையல்."

மாப்பிள்ளை ஊர் எங்களுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர், அதே கரை. ஆறு மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது. இந்தக் கணக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டிருக்கும்.

அவர் அந்தத் தையலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கத்தரிப்பூ நிறப் பைகளை மட்டும் கேட்டு வாங்கினார். ஏழு பேர் தேங்காயையும் வெற்றிலையையும் வெறுங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி இருந்தார். என் மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குப் படிப்பு போதாது.

ஏழு பையோடும் மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்குப் போனார். மிதியடியில் கால் வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். அந்தப் புடவையின் கரையை நான் சடையாகப் பின்னி மிதியடி ஆக்கியிருந்தேன். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும், அந்த அம்மா பெற்ற பிள்ளையும்தான், அதில் கால் துடைத்துவிட்டு வந்திருந்தார்கள். குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டினார்.

"இன்னும் எங்கயாவது இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

"நான் மிஷின்ல உக்கார்ற மெத்தையில கொஞ்சம் இருக்குங்க."

கடைக்கு ஓடி அதையும் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் தகவல் இல்லை. மகள் என்னோடு பேசவில்லை. மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கோயிலுக்குப் போனாலும் வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சாமி புலித்தோலைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அது யாருடைய தோல் என்று கேட்டு எந்தச் சம்பந்தியும் அவர் வாசலுக்கு வரப்போவதில்லை.

பத்தாம் நாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா என் கடைக்கு வந்தார். ஏழு பை, மிதியடி, மெத்தைத் துணி எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

"ஆத்துல விடணும்னு சொன்னாங்க, விட்டேன். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல" என்றார். எல்லாவற்றையும் மிஷின் பக்கம் நகர்த்தினார். "இதை ஒண்ணாச் சேத்துத் தர முடியுமா, சம்பந்தி?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஊசி கோக்கக் கண் தெரியவில்லை. அன்று முழுக்க உட்கார்ந்து தைத்தேன். புடவையாக வரவில்லை, இரண்டு முழம் குறைந்த போர்வையாகத்தான் வந்தது. பச்சைத் தையல் நடுவில் வரும்படி வைத்தேன். அதைத்தான் இன்றுவரை போர்த்திக்கொள்கிறார். தை மாதம் கல்யாணம் நடந்தது. தாம்பூலத்துக்கு மஞ்சள் பை வாங்கினோம்.

ஆற்றுத் துணியை இப்போதும் பொறுக்குகிறேன், பையும் தைக்கிறேன். மதகு அடைக்கத்தானே செய்கிறது? ஆனால் துவைத்ததைப் படித்துறைப் பக்கம் கொடி கட்டி ஒரு மாதம் தொங்கவிட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன். ஒரே ஒரு அம்மாள் வந்தார். ஒரு வேட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எடுக்காமல் போய்விட்டார். அந்த வேட்டியை நான் இன்னும் வெட்டவில்லை.

சம்பந்தி வருஷா வருஷம் எனக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறார். கொடுக்கும்போது, "கடையில வாங்குனதுதான், பில்லு இருக்கு" என்பார். மாப்பிள்ளையின் அத்தைதான் இன்னும் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசலில் நின்று, மிதியடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, என்னைக் கேட்பார்:

"இது யாரு?"