கண்ணாடி அறையில் என் குரல்

அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த வீட்டில் எது தேவை, எது தண்டச் செலவு என்று இனி நான்தான் முடிவு செய்வேன். வாய் நிறைய நுரை இருந்ததால் இதை உரக்கச் சொல்லவில்லை.

நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்புகிறது, எது தாமதம் என்று இருபத்தாறு வருஷமாக மைக்கில் சொல்லிவருகிறேன். டிரைவர்கள் எனக்கு 'கணீர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"சார், மெஷின் வாங்கப் போறோம். பட்டனைத் தட்டினா அதுவே பேசும். உங்க குரலையே போட்டுக்கலாம். ஆனா முறையா ஸ்டுடியோவுல பதிவு பண்ணிட்டு வரணும். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா கம்பெனிக்காரங்க யாரோ ஒரு பொண்ணு குரலைப் போட்டே அனுப்பிடுவாங்க."

யாரோ ஒரு பெண்! ஏழாம் மேடை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியுமா? மழையில் பஸ்ஸுக்காக நனைந்துகொண்டு நிற்பவர்களிடம் 'சற்று நேரத்தில்' என்பதை எவ்வளவு இழுத்துச் சொல்லவேண்டும் என்று தெரியுமா?

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தோன்றியது. பெருநகரத்தில் நல்ல ஸ்டுடியோ இருக்கிறது. மணிக்கணக்கில் வாடகை. எங்கள் சேமிப்பு ஒரு செலவைத்தான் தாங்கும். அந்தச் சேமிப்பின்மேல் என் மனைவி ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தாள். படப்பிடிப்பு அரங்குகளையெல்லாம் சுற்றிக் காட்டும் சினிமா டூர். கல்யாணமான வருஷம் கேட்டது. லீவு இல்லை, லீவு இல்லை என்று நானும் ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே வந்தது.

"ஏங்க, அந்த டூருக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

"காசு கொடுத்து அட்டைச் சுவரைப் பார்க்கணுமா? முன்னாடி அரண்மனை, பின்னாடி போய்ப் பார்த்தா முட்டுக் கொடுத்த கட்டை."

"காசு கொடுத்து கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார்ந்து தனியா பேசப் போறீங்களே, அது மட்டும்?"

"அது முதலீடு."

"போட்டது திரும்பி வராதுன்னா அதுக்கு அந்தப் பேரா?"

"என் குரல் நிலைச்சு நிக்கணும்மா."

"எனக்கு நின்னு நின்னுதான் கால் போச்சு. இருபத்தாறு வருஷமா இதே அடுப்பு, இதே ஜன்னல். நாலு இடம் நடந்தாத்தான் சரியாகும்."

பதில் இல்லாத இடத்தில் நான் சூழ்ச்சியில் இறங்குவேன். பக்கத்து வீட்டு போட்டோகிராபர் போன வருஷம் அதே டூருக்குப் போய் வந்தவர். அவரை வாசலில் மடக்கி, "எல்லாம் ஏமாத்து வேலைன்னு மட்டும் என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். மனுஷர் நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, எல்லாம் ஏமாத்து வேலை! நல்ல வெயில்ல நிக்கிறோம். ஒருத்தர் குழாயைத் திருப்பினார் பாருங்க, தெரு முழுக்க மழை! அடுத்தாப்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன். ரயிலே கிடையாது, புகை மட்டும் வருது. சத்தத்தை வேற ரூம்ல தனியா உண்டாக்கறாங்க. எங்க வீட்ல அழுதேவிட்டா."

"அழுதாளா? ஏன்?"

"சந்தோஷத்துலதான்க்கா. அவ்வளவு ஏமாத்து!"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? இப்படி ஒரு ஏமாத்து கிடைக்கக் கொடுத்துவைக்கணும்."

போட்டோகிராபரை வழியனுப்பும்போது நான் கதவைச் சற்று வேகமாகவே சாத்தினேன்.

இரண்டு நாள் போயின. நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். நாள்காட்டியைப் பார்த்தேன். மறுபடி நடந்தேன். மூன்றாம் நாள் அவள், "தையல்காரர்கிட்ட போய்ட்டு வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வர இரண்டு மணி நேரமாயிற்று. வந்தவள் முகத்தில் ஒரு சாந்தம்.

"டூர் வேணாங்க. ஸ்டுடியோவுக்கே போவோம்."

"என்னது?"

"உங்க குரல்தாங்க முக்கியம். அட்டைச் சுவர் எங்க ஓடிடப் போகுது? ஒண்ணே ஒண்ணு, நானும் கூட வருவேன்."

ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் முட்டிய கதவு வெறுமனே சாத்தியிருந்தால் எப்படி இருக்கும்? உள்ளே போய் விழுந்து கிடந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவள் ஒரு நோட்டை நீட்டினாள். மேனேஜர் கொடுத்த பட்டியலில் முப்பது வாக்கியம்தான் இருந்தது. அவள் எழுதியிருந்தது நூற்று நாற்பது. புறப்பாடு, தாமதம், மேடை மாற்றம், காணாமல் போன குழந்தை, கண்டெடுத்த குடை, மழை, வேலைநிறுத்தம், வருத்தம் தெரிவித்தல் எல்லாம் இருந்தன.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு தெரு தள்ளித்தானே பஸ் நிலையம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா நீங்க பேசறது அடுப்படி வரைக்கும் வரும். வேற என்ன பாட்டு கேட்டேன் நான்?"

நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இத்தனை வருஷமும் நான் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒருத்தி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். இப்படிப்பட்டவளிடமா சூழ்ச்சி செய்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

ஸ்டுடியோவில் என் காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். உலகம் அணைந்துவிட்டது. என் சட்டை உரசுவது எனக்கே கேட்டது. "பயணிகளின்..." என்று ஆரம்பித்தேன். ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"சார், மெதுவா! மைக் பக்கத்துலதான் இருக்கு."

மெதுவாகச் சொன்னேன். வெறும் காற்று வந்தது. தள்ளி நின்று சொல்லச் சொன்னார். சுவர் வரை தள்ளிப் போனேன். பஸ் நிலையத்தில் இரண்டு ஹாரனுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், தெருவைக் கடப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கடத்திப் பழகியவன் நான். இங்கே கடக்கத் தெருவே இல்லை. அந்த அமைதியில் என் குரல் சட்டையில்லாத கிழவன்போல என் முன்னால் கூசி நின்றது. வியர்த்தது. கடிகாரம் ஓடியது. யாரோ ஒரு பெண் எங்கிருந்தோ என் நாற்காலியில் வந்து உட்காரத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் என் மனைவி எழுந்தாள். அவள் கேட்டது என்னவென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, அவர் காதுக்குள்ள பேசறதுக்கு எதை அழுத்தணும்? நான் பேசறது பதிவாகாதே?"

"ஆகாதும்மா. அவருக்கு மட்டும்தான் கேட்கும்."

அவ்வளவுதான். என் காதில் ஆரம்பமாயிற்று. "ஏங்க, போன மாசம் உங்க அக்கா வந்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? உங்க தம்பிக்கு மட்டும் கைநீட்டி எடுத்துக் குடுக்கறீங்க..." இன்ஜின் உறுமுவதுபோல, ஹாரன் அடிப்பதுபோல, நாலு கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் கூவுவதுபோல. என் முதுகு நிமிர்ந்தது. அந்த இரைச்சலின் நடுவே இடம் பார்த்து, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு!" என்றேன். கணீர்!

ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

நூறு வாக்கியம் முடிந்தபோது நேரமும் முடிந்துவிட்டது. "போதும்மா, இதுவே எதேஷ்டம்" என்றேன்.

"அதெப்படிங்க? மேடை மாத்தினா என்ன பண்ணுவாங்க? குழந்தை காணாமப் போனா? தம்பி, இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்கங்க."

வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் சொல்கிறாள் இதை! என் குரலின்மேல் எவ்வளவு பற்று என்று உருகிப்போய் மீதி நாற்பதையும் சொன்னேன்.

அடுத்த வாரம் மெஷின் வந்தது. முதல் நாள் காலை, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். கூரையெங்கும் என் குரல். பயணிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெருமையோடு என் அறைக்குப் போனேன். என் நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் மெஷின் இருந்தது.

மேனேஜர் ஆச்சரியப்பட்டார். "சார், நீங்க இன்னும் கிளம்பலையா?"

"எங்கே?"

"டூருக்குத்தான். பத்து நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கீங்களே. அன்னைக்கு அம்மாதான் குடையும் கையுமா வந்து குடுத்தாங்க. 'குரல் இங்க இருந்தா ஆள் எதுக்கு, அனுப்பி வைக்கக் கூடாதா'ன்னாங்க. எல்லா அறிவிப்பும் பதிவாகி வந்தா தரேன்னேன். ஒண்ணு விடாம பதிவு பண்ணிட்டீங்க! ஸ்டுடியோ செலவையும் நிர்வாகம் திருப்பிக் குடுத்திருச்சு. நேத்து அவங்களே வந்து வாங்கிட்டுப் போனாங்க."

விடுப்புக் கடிதத்தைக் காட்டினார். கையெழுத்து என்னுடையது போலவே இருந்தது. என்னுடையதைவிடத் திருத்தமாகவும் இருந்தது.

"சார், இதுல ஒரு சூது இருக்கு. மெஷினுக்கு என்ன தெரியும்? திடீர்னு ஒரு..."

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு!" என்றது கூரை.

"என்ன சொன்னீங்க? கேக்கலை" என்று காதில் கைவைத்தார் மேனேஜர். நான் கத்தினேன். மெஷினுக்குள் இருந்தவன் என்னைவிட உரக்கக் கத்தினான். எனக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கு வாங்கவில்லை.

நான்காம் மேடையில் விரைவு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் என் மனைவி. மடியில் என் பெட்டி.

"ஏங்க, வாங்க. நேரமாச்சு."

"நான் வரலை. எனக்கு இங்க வேலை இருக்கு."

"உங்களுக்கா?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தலைக்கு மேல் கணீரென்று ஒலித்தது: "நான்காம் மேடையிலிருந்து விரைவுப் பேருந்து இன்னும் சில நொடிகளில் புறப்படுகிறது. பயணிகள் உடனடியாக ஏறிக்கொள்ளவும்."

பொறுப்பான ஆள் சொன்னால் கேட்கவேண்டும் என்று, ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.