தந்தச் சிப்பியும் தடையில்லாச் சான்றும்

ஒரு காட்டில், அதாவது கடலுக்கு அடியில் கடற்புல் அடர்ந்து வளர்ந்த காட்டில், சிற்றம்மை என்றொரு தந்தச் சிப்பி வாழ்ந்துவந்தாள். விரல் நீளம்கூட இல்லை. குட்டியானையின் கொம்பைப் போல வெள்ளையாய், லேசாக வளைந்து, இரண்டு பக்கமும் திறந்த குழல். தலையை மணலுக்குள் புதைத்து, வால்நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பாள். யார் வம்புக்கும் போனதில்லை.

அந்த வருடம் காட்டில் ஒரு உத்தரவு வந்தது. குடியிருப்போர் எல்லோரும் பௌர்ணமிக்குள் பெயரைப் பதிய வேண்டும். பதியாதவர்கள் புல்வெளிக்கு வெளியே போக வேண்டும். வெளியே மீன்பிடிப் படகுகளின் இழுவை மடி வலை வரும். அடிமணலோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். சிற்றம்மையின் தங்கை அப்படித்தான் போனாள்.

அதனால் அவள் முதல் நாளே வரிசையில் போய் நின்றாள். மூன்றாம் நாள் மாலை அவள் முறை வந்தது. பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்த எழுத்தர் செங்கொடுக்கர் ஒரு நண்டு. படிவத்தில் அவள் பெயரையும் இனத்தையும் படித்தவர் கொடுக்கை அப்படியே நிறுத்திவிட்டார்.

"தந்தமா?"

சிப்பிதான் ஐயா, பார்ப்பதற்குத் தந்தம் மாதிரி இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்பது இலாகாவுக்குத் தேவையில்லை, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு என்றார் அவர். யானைத் தந்தம் வைத்திருப்பது குற்றம். இவளோ தந்தமாகவே இருக்கிறாள்.

"யானையிடம் தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்கம்மா. இது என் தந்தம் இல்லைன்னு ஒரு வரி போதும்."

தந்தச் சிப்பிகளுக்குக் கண் கிடையாது, இதயமும் கிடையாது. செங்கொடுக்கருக்கு இரண்டும் உண்டு. பயன்படுத்திப் பழக்கமில்லை.

கண் தெரியாதவள், மணலைவிட்டு நகர்ந்தறியாதவள், யானையைத் தேடிக் கிளம்பினாள். பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. கடல் ஓதம் உருட்டிய பக்கமெல்லாம் உருண்டாள். ஆறாம் நாள் அலை அவளைக் கரையில் வீசிவிட்டுத் திரும்பியது. வெயிலில் உள்ளே இருந்த ஈரம் வற்ற ஆரம்பித்தது. இதுதான் முடிவு என்று அவள் நினைத்த வேளையில், பக்கத்தில் மணல் அதிர்ந்தது. அந்த ஊர்க் கோயில் யானை மரகதவல்லியைக் கடலில் குளிப்பாட்டக் கூட்டிவந்திருந்தார்கள்.

மரகதவல்லி துதிக்கையால் தண்ணீர் தெளித்து, வந்த காரியத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காதை ஆட்டினாள்.

"எனக்கே தந்தம் கிடையாது தங்கச்சி. பொட்டை யானைக்கு ஏது தந்தம்? பார்க்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

எழுத்தும் அவளுக்குத் தெரியாது. ஆனால் யானையைப் பார்த்ததற்குச் சாட்சியாக வால்முடி ஒன்று தர முடியும் என்றாள். அதை மோதிரமாகப் போட்டால் பயம் போகும் என்று ஊரில் பலர் பாகனிடம் கெஞ்சி வாங்கிப் போகிறார்களாம். தன் வாலில் கற்றையாக முடி இருந்தும் பாகனின் அங்குசத்தைக் கண்டால் தனக்கு இன்னும் நடுங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். உதிர்ந்து தொங்கிய முடி ஒன்றைச் சிற்றம்மை தன் வாயருகே இருந்த மெல்லிய இழைகளால் பற்றிக்கொண்டாள். யானை அவளைத் துதிக்கையில் எடுத்து ஆழம் பார்த்து வீசியது.

பௌர்ணமியன்று அவள் மறுபடி பாறை இடுக்குக்கு வந்து சேர்ந்தாள். யானையிடம் கடிதம் வாங்க முடியவில்லை என்று உண்மையைச் சொல்லி, போன கதையை நடந்தது நடந்தபடி சொல்லத் தொடங்கினாள். செங்கொடுக்கர் கதையைக் கேட்கவில்லை. அவர் பார்வை முடிமேல் இருந்தது.

"அசல் யானை முடியா?" என்றார் மெதுவாக.

"அசல்தான் ஐயா."

வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். முடியை வாங்கிப் பெரிய கொடுக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"தந்தம்னா பல்லுன்னுதானேம்மா அர்த்தம். பல்லுக்கு எதுக்கு அனுமதி? முதல்லயே சொல்லியிருக்கலாமே."

சிற்றம்மைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதிவுச் சீட்டை இழைகளில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் அடுத்து நின்ற கடற்குதிரை பயந்துபோயிருந்தான். உள்ளே என்ன கேட்கிறார்கள் அக்கா என்றான்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"குதிரைகிட்டப் போய் வால்முடி ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி. கடிதமெல்லாம் கேக்காதே, நேரம் வீண்."

நீதி: பெயரில் யானைத் தந்தம் இருந்தால் குற்றவாளி, கையில் யானை முடி இருந்தால் குடிமகன்.