ஜன்னலை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது

சேர்க்கக் கூடாத இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டு, "வேலை செய்யுதில்ல?" என்று கேட்கிற ஆள் நான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டு டிவியையும் குழல் விளக்கையும் ஒரே சுவிட்சில் கோத்தவன். விளக்கை அணைத்தால் நாடகமும் அணைந்துவிடும். அம்மா ஒரு மாதம் பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, என்னைத் திட்டிக்கொண்டே நாடகம் பார்த்தார். அப்போதே திருந்தியிருக்கலாம்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தோட்டத்து பெக்டரியில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. தேயிலை காயும் ட்ரையரின் சூடு எல்லை தாண்டினால் மணியடிக்கும் பழைய ப்ரோக்ராம் அதில் மட்டும்தான் ஓடும். அது ஒருநாள் செத்துப்போனது. ட்ரையரில் நிற்பவர் என் அப்பா; இத்தனை வருடத்தில் ஒரு பிடித் தூளைக்கூடக் கருகவிடாதவர். "என் மகன் செஞ்சிருவான்ங்க" என்று பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் வாக்குக் கொடுத்ததோடு நில்லாமல், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஊருக்கே சொல்லிவிட்டார். நான் பதுளையில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

புது லெப்டொப்புக்குள் ஒரு மெய்நிகர் கணினி எழுதினேன். அதாவது, 'நீ இன்னும் பழைய பெட்டியில்தான் இருக்கிறாய்' என்று ப்ரோக்ராமை ஏமாற்றும் போலிப் பெட்டி. ட்ரையரிலிருந்து வரும் வயரில் சூட்டை அளக்கும் சர்க்யூட் அட்டைக்கும் ஒரு போலி வேண்டும். அதை எங்கே வைத்தேன்? திரையில் எண்ணை வரையும் பகுதிக்குள்ளேயே! திரை ஒருமுறை வரைந்தால், அட்டை ஒருமுறை சூடு பார்க்கும். (என்ன சிக்கனம்!)

அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான செல்வி அக்கா அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"கருவி உள்ளுக்குத் தனியா ஓடணும் தம்பி. ஸ்க்ரீன் சும்மா எட்டிப் பார்க்கிற ஆளு. யாராச்சும் விண்டோவ மூடினா என்னா செய்வ?"

"மூடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிருவேன் அக்கா."

ஒட்டினேன். தமிழ்ப் பற்று வேறு பொங்கியது: 'ஜன்னலை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது.' (ஜன்னலே போர்த்துக்கீசச் சொல் என்று அக்கா பிறகு சொன்னார்.) லெப்டொப் டீமேக்கரின் அறையில், நிஜமான ஜன்னல் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

மூன்றாம் நாள் பகலில் அப்பா ஃபோன் செய்தார். "கொஞ்சம் வா தம்பி." அடுத்த பஸ்ஸில் ஓடினேன். பெக்டரி வாசலிலேயே கருகிய வாசம் அடித்தது. டீமேக்கர் அறையில் ஜன்னல் அகலத் திறந்து கிடக்க, மழை மேசைமேல் பெய்துகொண்டிருந்தது. இரண்டு ஸ்வெட்டரும் மஃப்ளருமாக, லெப்டொப்புக்குக் குடை பிடித்தபடி அவர் தும்மினார்.

"மூணு நாளா ஜன்னல மூடலப்பா! எலும்பு வரைக்கும் குளிரு! அப்பவும் ஒன் மணி அடிக்கலியே!"

"ஸ்க்ரீன்ல இருந்தது எங்கங்க ஐயா?"

"அந்த நம்பர் பொட்டியா? இதுல கிரிக்கெட் மேட்ச் பார்க்கிறப்ப மறைச்சிச்சு. கீழ எறக்கி வச்சேன்."

கீழே இறக்கினால் திரை வரையாது. வரையாவிட்டால் அட்டை சூடு பார்க்காது. மணி எப்படி அடிக்கும்? அந்த மனுஷன் என் அறிவிப்பை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். நான் யாரைத் திட்டுவது?

அப்பா ட்ரையர் பக்கத்தில் நின்றார். உள்ளங்கையில் கரித்தூள்.

"வாசம் மாறினப்பவே தெரிஞ்சிச்சு. மணி அடிக்கலியேன்னு விட்டுட்டேன். நீ செஞ்சதாச்சே."

டீமேக்கர் அன்று கத்தியதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த ஒரு வாக்கியம் இன்றைக்கும் உறைக்கிறது.

இரண்டு நாள் உட்கார்ந்து, போலி அட்டையைத் திரையிலிருந்து பிய்த்தெடுத்து உள்ளே தனியாக ஓடவிட்டேன். திரையில் ஒன்றுமில்லாதபோது அப்பா சூட்டை ஏற்றிப் பார்த்தார், மணி அலறியது. டீமேக்கர் எழுந்துபோய் முதல் காரியமாக மர ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

அதோடு முடிந்ததா? ஹல்துமுல்லையில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பனிமூட்டம் உள்ளே வருகிறதென்று பெண்ணின் அம்மா ஜன்னலைச் சாத்தப் போனார். அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பொறுங்கம்மா, தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மூடுங்க" என்றார். பிறகு முழுக் கதையும் அங்கே அரங்கேறியது. பெண் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த தேநீர் பாதி சிந்திவிட்டது.

அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதும் மழை வந்தால், ஜன்னல் கொக்கியில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

"மூடலாமாங்க? ஒன்னும் கருகாதே?"