வால்வு பாயும் வெந்நீர்ப் பாத்திரமும்

சென்னை நகரமே தண்ணீர் வருமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வந்த தண்ணீர் திரும்பிப் போய்விடுமே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் வால்வு பாய்தான்.

மந்தைவெளியில் வண்ண மீன்கள் விற்கும் எட்டடிக் கடை அவருடையது. இயற்பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. செடி வளர்க்கும் மீன் தொட்டிகளில், செடிக்கு உணவாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஒரு சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியே விடுவார்கள். மின்சாரம் நின்றால் வாயு நிற்கும். குழாயில் எஞ்சியது நீரில் கரைய, அந்த வெற்றிடத்தில் தொட்டித் தண்ணீர் ஏறி, சிலிண்டரின் தலைவரை வந்து, கிடைத்த இடுக்கு வழியே தரையில் இறங்கிவிடும். இதைத் தடுக்கக் கட்டைவிரல் அளவில் ஒரு வால்வு உண்டு. வாயுவைப் போகவிடும், தண்ணீரைத் திரும்ப விடாது. பாய் வாழ்ந்ததே அந்த வால்வுக்காகத்தான் என்றால் அவர் வீட்டிலேயே மறுக்கமாட்டார்கள்.

வால்வின் மேல் அச்சிட்ட அம்புக்குறியை அவர் நம்பியதில்லை. ஒவ்வொன்றையும் வாயில் வைத்து, இருபுறமும் ஊதிப் பார்த்த பிறகே விற்பார். பத்தில் நான்கு குப்பைக்குப் போகும். பெசன்ட் நகரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் முகம் சுளித்தார்.

"வாய்ல வச்சதையா எனக்குக் குடுக்கறீங்க?"

"நீ இன்னா, இத்த வச்சு ஜூஸா குடிக்கப் போற நைனா? மீனு ஒண்ணும் சொல்லாது."

மின்சாரம் போனால் கடையை அப்படியே விட்டுவிட்டு, தாம் வால்வு மாட்டிய வீடுகளையெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றிவருவார். மின்கம்பத்தில் ஏற ஆள் வருவதற்குள் பாய் வந்திருப்பார். அடையாறில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைக் கையில் எடுத்த வேளையில் உள்ளே நுழைந்து, தொட்டியடியில் குனிந்து குழாயைச் சோதித்து, "இங்க எல்லாம் நல்லா கீது" என்று அறிவித்துவிட்டுப் போனாராம். அதையே நல்ல சகுனமாகக் கொண்டு பெண்ணை நிச்சயம் செய்தார்கள் என்று கேள்வி.

எங்கள் வீட்டுத் தொட்டி என் கணவருக்காக வாங்கியது. அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. லிஃப்ட் இயக்குபவரைக்கூட 'நீங்கள்' என்றே அழைத்தவர். பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோய்விட்டது. எட்டு மாதமாக ஒரு சொல் இல்லை. அந்தப் பதினான்கு மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் முகத்தில் பழைய மனிதர் தெரிவார். தொட்டியும் போய்விட்டால் அவரிடம் போய்ச் சேர எனக்கு வேறு வழி இல்லை.

பாய் வந்து, வழக்கம்போல் ஊதிப் பார்த்து வால்வை மாட்டினார். நான் நாற்பது ஆண்டுகள் நூல்களோடு வாழ்ந்தவள். சமத்துவம் பற்றி நிறையப் படித்தவள். ஆனாலும் அவர் படியிறங்கியதும் வால்வைக் கழற்றி, எச்சில் போகட்டும் என்று பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, துடைத்து, திரும்ப மாட்டினேன். உள்ளே தாள் போல மெல்லிய ரப்பர் ஒன்று இருப்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் மின்சாரம் போனது. பின்னறையில் படித்துக்கொண்டிருந்த என் பாதத்தை ஏதோ நனைத்தது. கூடத்துக்கு ஓடினேன். தொட்டியில் நான்கு விரல் ஆழம்தான் மிச்சம். மீன்கள் ஒருக்களித்துத் துடித்தன. என் கணவர் நாற்காலியின் கையை இடது உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பாய் செருப்போடு உள்ளே வந்து குழாயை மடித்துப் பிடித்தார். நேற்றுப் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு வாளி கொண்டுவந்தேன். மீன்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு வால்வைக் கழற்றி ஊதினார். இரு பக்கமும் காற்று தாராளமாகப் போனது.

"இத்த இன்னா பண்ணீங்க?"

"எச்சில் பட்டுடுத்தேன்னு... கொதிக்க வச்சேன் பாய்."

சொல்லி முடிக்கும் முன்பே வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பாய் வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் திரும்பினார். எட்டு மாதமாக உறவும் நட்பும் அவரிடம் கர்ப்பகிரகத்தில் பேசுவதுபோல் மெல்லப் பேசிவந்தன.

"இன்னா சார், வால்வ இட்லி மாறி அவிச்சுக்கீறாங்க. நீ பாத்துகினு சும்மா குந்திகினு இருந்தியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?"

என் கணவரின் முகம் சிவந்தது. உதடு கோணி, தொண்டையில் முட்டி, தெள்ளத்தெளிவாக வந்தது அந்தச் சொல்.

"போடா."

"சார் திட்றாரும்மா," என்றார் பாய், பரிசு வாங்கியவர் போல.

இப்போது கடை பாலவாக்கத்துக்கு மாறிவிட்டது. எங்கள் புதிய வால்வை அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவ்வளவு தூரம் வந்து, என் கணவரின் எதிரில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி சீண்டுகிறார். என் கணவரிடம் இன்று பதினோரு சொற்கள் இருக்கின்றன. முதலாவது அந்தப் 'போடா'. அடுத்த எட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பத்தாவது, 'பாய்'. அதன் பிறகுதான் என் பெயர் வந்தது. அந்த வரிசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.