செத்தவன் பேசக்கூடாது

வொன்ஜு,
ஆகஸ்ட் 19, 2024

மதிப்பிற்குரிய மைத்துனர் மேங் பியோங்ஹூன் அவர்களுக்கு, தங்களின் ஒரே தங்கை யுன்ஜோங்கின் கணவனும், தங்களின் பழைய ஐவர் படையில் எல்லா ஆட்டத்திலும் முதலில் செத்தவனுமான தாக் சாங்வூக் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் உடல்நலமும் கங்னுங்கில் தாங்கள் நடத்திவரும் மூக்குக்கண்ணாடிக் கடையும் செழிக்க வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. யுன்ஜோங்குக்குக் கழுத்து வலி, மகள் சோயுலுக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை, எனக்குச் சர்க்கரை. மற்றபடி நலம்.

தாங்கள் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. "செத்தவன் பேசக்கூடாது" என்று தாங்கள் சொன்னதை நான் இன்றுவரை மீறவில்லை. ஆனால் அந்த விதியைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்ததில், பேசக்கூடாது என்றுதான் இருக்கிறதே தவிர எழுதக்கூடாது என்று எங்கும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற 31ஆம் தேதி சனிக்கிழமை மாமனாரின் சமாதியில் புல் வெட்ட வேண்டும். இதுவே கடைசித் தடவை. அடுத்த வருஷம் சந்திர நாட்காட்டியில் அதிக மாசம் வருவதால் சமாதியைத் தொட்டால் தோஷமில்லை என்று உங்கள் சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். சமாதி மேட்டைத் தோண்டி, எலும்பை எடுத்து எரித்து, சாம்பலை நகர அஸ்தி மண்டபத்தில் ஆறாவது மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் வைக்கப்போகிறார்களாம். லிப்ட் உண்டு, ஏசி உண்டு. வெட்டப் புல் கிடையாது. மூத்த மகன் நீங்கள் வராமல் அந்த மேட்டில் கடைசிப் புல்லை நான் ஒருத்தன் போய் வெட்டினால் நன்றாக இருக்காது மச்சான். அதற்கு அப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய இந்த உலகத்தில் ஒரு வேலையும் மிச்சமில்லை.

'இருள்வாசல்' ஆட்டமும் மிச்சமில்லை. அதை நினைக்காத நாள் எனக்குக் கிடையாது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நிலவறையில், சிகரெட் புகையில் எதிர் வரிசைகூடத் தெரியாத அந்தப் பிசி பாங் என்னும் கணினி ஆட்டக்கூடத்தில் நாம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். நூடுல்ஸ் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் நீங்கள் வரைபடம் போடுவீர்கள். எந்தக் கதவை யார் திறப்பது, யார் படிக்கட்டைப் பார்ப்பது என்று அரைமணி நேரம் பாடம் நடத்துவீர்கள். பிறகு உள்ளே போவோம், நாலாவது நொடியில் நான் செத்துவிடுவேன். ஒரு குண்டு பட்டால் உயிர் போச்சு. காலில் பட்டால் ஆட்டம் முடியும்வரை நொண்டணும். செத்தவன் அடுத்த சுற்று வரைக்கும் திரும்பி வர முடியாது. திரையில் எல்லாம் அவனுக்குத் தெரியும், எதிரி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறான் என்பது உட்பட. ஆனால் வாயைத் திறந்தால் அது திருட்டாட்டம். அதனால் செத்தவன் பேசாமல் எழுந்து போய் மற்ற நாலு பேருக்கும் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவர வேண்டும் என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். எனக்கு மட்டும் கணவாய் ருசி. "செத்த மீன் நாத்தம், செத்தவனுக்குப் பொருத்தம்தான்"னு மூக்கைப் பொத்துவீங்க. ஞாபகம் இருக்கா?

நான் நிஜ ராணுவத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம் இருபத்தாறு மாசம் இருந்தவன். பனி வாரினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், மறுபடி பனி வாரினேன். நீங்களோ கண் பார்வைக் குறைவால் ராணுவத்துக்குப் பதில் வட்டார அலுவலகத்தில் இரண்டு வருஷம் முத்திரை குத்தியவர். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் போர் என்றால் பயம், பயம் என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது, பக்கத்தில் நிற்கிறவனை நம்புவது என்பதையெல்லாம் நான் ராணுவத்தில் கற்கவில்லை. முத்திரை குத்தியவரிடம்தான் கற்றேன்.

மாமனார் உங்களைக் காதைப் பிடித்து இழுத்துப் போக வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் நிஜமாகவே சண்டை போட்டுவிட்டு வந்து, அதைப் பற்றி வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். படியிறங்கி வந்தவர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். நான் செத்துப்போய் கையில் நூடுல்ஸோடு அவர் பக்கத்தில் நின்றேன். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். முடிந்ததும், "கதவுக்கு நேரா எவனும் நிக்கல. யாரும் சத்தம் போடல. நல்லா கூட்டிட்டுப் போற"ன்னார். அப்புறம்தான் காதைப் பிடித்தார். அவர் உங்களைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாபகத்தில் போன குளிர்காலத்தில் சோயுலோடு உட்கார்ந்து இப்போதைய ஆட்டம் ஒன்று ஆடிப் பார்த்தேன். எல்லோரும் வாத்து வேஷம், முயல் வேஷம் போட்டுக்கொண்டு குதிக்கிறார்கள். சுட்டால் மூணு நொடியில் எழுந்து வந்து டான்ஸ் ஆடுகிறார்கள். நான் வழக்கப்படி ஒரு சுவரை ஒட்டி நின்று, மூலையை எட்டிப் பார்த்து, காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, பத்து நிமிஷமா அந்தச் செவுத்துகிட்டயே நிக்கிறீங்களே, வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?"ன்னு கேட்டாள். "செத்துட்டா என்னம்மா பண்றது?"ன்னேன். "செத்தா திரும்ப வர வேண்டியதுதான், அதுல என்ன?"ன்னாள். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை மச்சான். செத்தா திரும்ப வந்துடலாம்னா எதுக்கு ஒருத்தனுக்கு ஒருத்தன் காவல் நிக்கணும், சொல்லுங்க.

சரி, பழைய ஆட்டத்தையே தேடுவோம் என்று அலமாரியைக் குடைந்து நம்ம வட்டுத்தகட்டைக் கண்டுபிடித்தேன். அதைப் போட இப்போது எந்தக் கணினியிலும் வாயே கிடையாது. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிழட்டுக் கணினியைத் தூக்கிவந்து மாட்டினேன். அது ஓடிய சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி நாங்கள் மாவு அரைப்பதாக நினைத்துக் காவலாளியை அனுப்பிவிட்டாள். ஆட்டம் திறந்தது. வரைபடம் வந்தது. நான் மட்டும் உள்ளே போனேன், கூட வரவேண்டிய நாலு இடமும் காலி. முதல் கதவுகிட்டயே அரைமணி நேரம் நின்றேன், திறக்கவில்லை. யாரும் சொல்லாமல் எப்படித் திறப்பது? அதே நினைப்பில் மறுநாள் பணிமனையில் 34ஆம் எண் பேருந்தை எடுத்தவன், சந்தை முக்கில் திரும்புவதற்கு முன்னால் என்னையறியாமல் கையை மடக்கி உயர்த்தி, "நில்லுங்க" என்று சைகை காட்டிவிட்டேன். இறங்க எழுந்த பதினொரு பேர் அப்படியே சிலையாக நின்றார்கள். ஒரு அம்மா புகார் எழுதிப் போட்டாள். பணிமனையில் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்கள். மச்சான் பேசமாட்டேங்கிறார் என்று எப்படிச் சொல்ல?

இப்போது அந்தச் சமாதி விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு தடவையாவது என் தரப்பைக் கேளுங்கள். அதுவரை வருஷா வருஷம் வெட்டியவர் சித்தப்பா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நாம் இரண்டு பேர் போனோம். யுன்ஜோங் சாப்பாட்டுக் கூடையோடு அடிவாரத்திலேயே காரில் இருந்துகொண்டாள். நீங்கள் நூடுல்ஸ் பெட்டி அட்டையில் வரைபடம் போட்டு எடுத்து வந்திருந்தீர்கள். அதைப் பார்த்ததுமே என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஒத்தைப் பைன் மரம், அதுக்கு எடதுபக்கம் மேடு. சத்தம் கூடாது, கை சைகை மட்டும். நீ பின்னாடி காவல்"னீங்க. பயிர்க்காட்டுப் பக்கம் பதுங்கிப் பதுங்கி ஏறினோம். நாற்பத்திநாலு வயசுக்காரன் ஒருத்தன், நாற்பத்தைந்து வயசுக்காரன் ஒருத்தன், கையில் புல்வெட்டி இயந்திரம். முன்மாதத்துப் புயலில் அந்த ஒத்தைப் பைன் சாய்ந்துபோய்விட்டது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் கீழே வேறொரு பைன் நின்றது. அதற்கு இடதுபக்கமும் ஒரு மேடு இருந்தது.

இயந்திரத்தை முடுக்கினதுதான் தாமதம், குளவி கிளம்பி என் காதில் கொட்டியது. நான் துள்ளினேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, விரலைக் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டினீர்கள். நான் செத்தாச்சு. எனக்கென்ன புதுசா? வழக்கம்போல எழுந்து மேலே போய், ஆளுயரப் புல்லில் ஒரு மேட்டுமேல் உட்கார்ந்தேன். காலில் ஏதோ கல் இடித்தது. புல்லை விலக்கினால் படையல் கல். அதன் பக்கவாட்டில் மேங் என்று உங்கள் குடும்பப் பெயர், மாமனார் பெயர், எல்லாம் செதுக்கியிருந்தது. நான் உட்கார்ந்திருந்தது மாமனார் மேல். கையை ஆட்டினேன், எழுந்து நின்று ஆட்டினேன். நீங்கள் உதட்டில் விரலை வைத்தீர்கள். செத்தவன் பேசக்கூடாது. நான் விதியை மதித்தேன், மச்சான். இருபது வருஷப் பழக்கம். அப்படியே உட்கார்ந்து, நீங்கள் யாரோ ஒருத்தர் சமாதியைக் கண்ணாடிபோல மழித்து, சோஜு சாராயம் ஊற்றி, கருவாடு வைத்து, இரண்டு முறை விழுந்து கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்துச் சூசொக் அறுவடைப் பண்டிகையன்று எல்லோரையும் முன்னால் நடந்து கூட்டிப்போய் அதே மேட்டில் நீங்கள் விழுந்தபோது சித்தப்பா பின்னால் நின்று, "யாருக்குடா இந்தக் கும்பிடு?"ன்னார். "பெத்தவன் தலையில காடு மண்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு முடிவெட்டி விட்டிருக்கான் பாரு! கண்ணாடிக் கடை வச்சிருக்கிற பயலுக்குக் கண்ணு தெரியல!" எல்லோரும் சிரித்தார்கள். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு அன்னைக்கே தெரியும் சித்தப்பா, ஆனா நான் செத்துட்டேன்"னு சொல்லித் தொலைத்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். சத்தம்கூடப் போடலை. "தெரிஞ்சும் வாயத் திறக்கல. சரி மாப்ளே. செத்தவன் பேசக்கூடாது. இனிமேயும் பேசாத"ன்னீங்க. போதாக்குறைக்கு அந்தச் சமாதிக்குச் சொந்தக்காரர்களான ஓக் குடும்பத்தார், யார் பெத்த பிள்ளையோ எங்கள் தாத்தாவைக் கவனித்துக்கொண்டான் என்று ஊர்த் தலைவர் வழியாக ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பிவைத்தார்கள். சித்தப்பா அதை உங்கள் கடைக்கே பார்சல் போட்டார். அது அவர் செய்த தப்பு, என் மேல் ஏற்றாதீர்கள்.

ஆக, தப்பு விதியின் மேல், குளவியின் மேல், புயலின் மேல். என்னிடம் ஒன்றுமில்லை. 31ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் நிற்பேன். நீங்கள் பேச வேண்டாம். கை சைகை போதும். நீங்கள் வரவில்லை என்றால் நான் அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

தாங்கள் நீண்ட ஆயுளோடும், தெளிந்த பார்வையோடும், கடன்பட்ட மனசில்லாமலும் இருக்க வேண்டும் என்று தங்கை யுன்ஜோங், மருமகள் சோயுல் ஆகியோரும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். சோயுல் சொல்லவில்லை, நானே சேர்த்தேன்.

இப்படிக்கு,
முதலில் செத்தவன்,
தாக் சாங்வூக்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் சேர்க்காமல் இன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, புல் எவ்வளவு வளர்ந்திருக்கு என்று பார்க்க நான் மட்டும் மேலே போனேன். வெட்டியாச்சு. மாமனார் மேடு நான் வருவதற்கு முன்னாலேயே வெட்டியாச்சு, கீழே ஓக் தாத்தா மேடும் வெட்டியாச்சு. இரண்டு நாள் ஆகியிருக்கும், வெட்டின புல்லு இன்னும் காயலை. ஓரத்தில் நாலு அங்குலம் விட்டு வட்டமாக வெட்டுவது உங்கள் கைதான். அப்போ எனக்காக ஒருத்தரும் காத்திருக்கலை, கடைசி வெட்டும் முடிஞ்சுபோச்சு என்று நினைத்து, அன்றைக்கு நான் செத்து உட்கார்ந்த இடத்திலேயே உட்காரப் போனேன். அங்கே ஒரு கப் நூடுல்ஸ் இருந்தது. பிரிக்காதது. கணவாய் ருசி. மேலே சாப்பிடுகிற குச்சி இரண்டு, நேராக அடுக்கி.

எனக்குப் படையல் போட்டிருக்கீங்க மச்சான்.

வெந்நீர் இல்லை. அப்படியே நொறுக்கித் தின்றேன், அழுதுகொண்டே தின்றேன், நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் படையலைத் தின்றுவிட்டு உங்களிடம் பொய் சொல்ல முடியாது. விதி என்று மேலே எழுதியதெல்லாம் புளுகு. குளவி கொட்டினது காதில், வாயில் இல்லை. நான் கத்தியிருக்கலாம். அன்னைக்கு நீங்க கழுத்துல விரலை இழுத்துக் காட்டிச் சிரிச்சீங்க. மாமனார் போனதுலேர்ந்து நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை. பின்னாடி நாற்காலிகிட்ட அவர் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி வெட்டினீங்க. நான் வாயைத் திறந்தா ஆட்டம் முடிஞ்சிடும். எனக்கு அது முடியக்கூடாதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம்.

31ஆம் தேதி வெட்டப் புல் இருக்காது. இருந்தாலும் வாங்க. பிளாஸ்க்ல வெந்நீர் கொண்டு வர்றேன்.