அமர்த்திக்கொள்ள இடமில்லாமைக்கு வருந்துகிறோம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யில் தொடங்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். நீங்களும் அக்காவும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும்.

எங்கள் மின்விசிறிக் கம்பெனியில் 'முடியாது' என்பதை மரியாதையாக எழுதுவதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். வேலை கேட்பவர்கள், ஓடாத விசிறிக்குப் புதுசு கேட்பவர்கள் எல்லோருக்காகவும் நான்தான் வருந்துகிறேன். போன மாதம் ஒரு பெண் வேலை கேட்டு எழுதியிருந்தாள். 'தங்களைப் போன்ற திறமைசாலியை இழக்க மனமில்லை. எனினும் தங்களை அமர்த்திக்கொள்ளத் தற்சமயம் இடமில்லாமைக்கு வருந்துகிறோம்' என்று பதில் போட்டேன். மறுவாரம் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து நிற்கிறாள் அத்தான்! "வருத்தப்படாதீங்க சார், உக்கார நானே கொண்டுவந்துட்டேன்" என்று என் மேஜைக்கு எதிரிலேயே விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேனேஜரிடம் ஓடினேன். "நீ எழுதினதுதானே, நீயே எழுதி அனுப்பிவை" என்றார். நேரில் சொல்ல எனக்கு வாய் வருமா? 'தாங்கள் வேறிடம் பார்த்துக்கொள்வது தங்கள் நலனுக்கு உகந்தது' என்று டைப் அடித்து, மேஜைக்குக் குறுக்கே நீட்டினேன். படித்தாள், நாற்காலியைத் தூக்கினாள், ஜன்னலோரம் போட்டாள். "நீங்க சொன்னது சரிதான் சார், இங்க நல்லா காத்து வருது" என்றாள். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் என் பழைய கடிதத்தோடு உள்ளே வந்தார். விசிறியை மாற்றித் தர எங்களுக்கு விருப்பம்தான், விதிமுறைதான் குறுக்கே நிற்கிறது என்று அவருக்கு எழுதியிருந்தேன். "யாருப்பா அந்த விதிமுறை? கூப்பிடு, நான் பேசிக்கிறேன்" என்றார். நான் "அதாவது ஐயா, தங்களுடைய மேலான..." என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஐயா, புதுசு தரமாட்டாங்க. பழசைக் கொண்டாங்க, சரி பண்ணித் தருவாங்க." "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏம்மா இப்படி அலையறேன்!" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற மேனேஜர் அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் கடிதங்களெல்லாம் அவள் கைக்குப் போய்த்தான் தபாலுக்குப் போகின்றன. முதலில் 'மிகவும் வருந்துகிறோம்' என்பதில் 'மிகவும்' போனது. நேற்று 'வருந்துகிறோம்' என்பதும் போய்விட்டது. "நிஜமாவே வருத்தப்படறீங்களா சார்?" என்று கேட்கிறாள், என்னத்தைச் சொல்ல? சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, பேனாவை எடுத்தால் அவள் அடித்துத் திருத்தும் சிவப்புப் பென்சில்தான் கண்முன் நிற்கிறது. இப்படியே போனால் ஒருநாள் என்னையும் சேர்த்து அடித்துவிடுவாள். மேனேஜர் உங்களோடு படித்தவர்தானே? ஒரு போன் போட்டு அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள், உங்களுக்குப் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சேதி வந்தது, அவளுக்குக் காய்ச்சலாம், இன்று வரமாட்டாளாம். அதிலிருந்து எனக்கு ஒரு வரி ஓடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜருக்குப் போன் போடவே போடாதீர்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரப் போகிறேன். அப்புறம், எனக்கொரு வரன் பார்த்திருப்பதாக அக்கா எழுதியிருந்தாளே, அதற்கு என் பதில்: வேண்டாம். ஏன் என்று குடைந்தால், உங்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.