மூண்டு வருசம் செல்லும், சேர்

மூடியைத் திறக்க முடியாத எந்தச் சாமானும் என்னுடையதல்ல என்பது என் கொள்கை. காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், மேலே என் பெயரை எழுதி ஒட்டியும் இருக்கலாம். ஸ்குரூ இல்லையென்றால் அது இரவல் சாமான்தான். என் மகளின் மடிக்கணினியில் தேடினாலும் ஒரு ஸ்குரூ கண்ணில் படாது. "எவ்வளவு மெல்லிசு பாருங்கோ அப்பா" என்று பெருமைப்படுகிறாள். அப்பளமும்தான் மெல்லிசு. அதற்காக அதில் யாராவது வேலை செய்கிறார்களா?

புரோகிராம் எழுதியே பிழைத்து, புரோகிராம் எழுதியே தலை நரைத்தவன் நான். இந்தக் கொள்கையால் ஒருமுறை பொலிஸ் நிலையம் வரைக்கும் போய்வந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு திருந்தினேனா என்று மட்டும் கேட்காதீர்கள். திருந்தவில்லை.

யுத்த காலம். தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கிக் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் எங்களைப் போன்றவர்கள் கொழும்பில் இருப்பதற்குப் பொலிஸில் பதியவேண்டும். யார், எந்த ஊர், எந்த வீடு, என்ன காரணத்துக்காக நிற்கிறாய் என்பதெல்லாம் ஒரு தடித்த பேரேட்டில் ஏறும். என் காரணம் "படிப்பு". படிப்பு முடிந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் புதிய காரணம் ஒன்று கொண்டுபோகாவிட்டால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான். எனக்கு வேலை ஒன்று தேவைப்பட்டது சம்பளத்துக்காக அல்ல, அந்தப் பேரேட்டில் ஒரு சொல் எழுதுவதற்காக.

கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்னக் கம்பனி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. "நீங்கள் செய்த வேலை ஏதாவது இருந்தால் கொண்டுவரவும்" என்று கடிதத்தில் இருந்தது. ரியூஷன் வகுப்பு ஒன்றுக்கு நான் எழுதிய மாணவர் பதிவுப் புரோகிராம் இருந்தது. ஒரு பெயரைத் தட்டினால் வீட்டிலக்கம், தகப்பன் பெயர், சொந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் ஒரு நொடியில் வந்து விழும். அதை நண்பன் ஒருவனின் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். மூச்சுக் காட்டவில்லை. என் கணினியில் மட்டும் குதிரை மாதிரி ஓடியது.

"என்ர மெஷின்ல ஓடுதே" என்பது புரோகிராம் எழுதுகிறவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் வசனம். மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மெஷினையே தூக்கிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தேன்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லவேண்டும். புறக்கோட்டையில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி நானே பூட்டியது. தகரப் பெட்டி வாங்க மனம் வரவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஒரு பெட்டி செய்தேன். தூக்குவதற்குக் கயிறு. காற்றுப் போக ஓட்டைகள். இயக்குவதற்கு, வாசலில் அடிக்கும் அழைப்புமணியின் சிவப்புப் பொத்தான். (சிரிக்காதீர்கள். அந்த வேலைக்கு அதைவிடச் சரியான பொத்தான் இன்றைக்கும் கிடையாது.)

அன்று காலையில் அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உதை உப்பிடியே தூக்கிக்கொண்டு போகப்போறியோ?"

"ஓம்."

"ஆமிக்காரன் மறிச்சுக் கேட்டா?"

"கொம்பியூட்டர் எண்டு சொல்லுவன்."

"உதைப் பார்த்தா எனக்கே கொம்பியூட்டர் எண்டு தெரியேல்லை. அவனுக்கு எப்பிடியடா தெரியும்?"

அவளுக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, நெற்றியில் திருநீறும் கையில் பெட்டியுமாக இறங்கினேன்.

பாதி வழியில் காலி வீதிச் செக்பொயின்ரில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைப் பார்த்தான். ஓட்டைகளைப் பார்த்தான். சிவப்புப் பொத்தானைப் பார்த்தான். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "மல்லி, மேக்க மொகத்த?" என்றான். தம்பி, இது என்ன என்று கேட்கிறான்.

"கொம்பியூட்டர் எக்கக், சேர்."

அவன் நம்பவில்லை. வயதில் மூத்த ஒரு சார்ஜன்ட் வந்தார். நான் சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து (நேர்முகத்துக்குப் பேனா கொண்டுபோக மறந்தேன், இதை மறக்கவில்லை) மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள். மற்றவர்கள் அசிங்கம் என்று மறைத்து வைக்கும் வயர்கள் எனக்கு அழகு. சார்ஜன்டுக்கு அப்படித் தெரியவில்லை.

"டீவி எக்க கோ?" என்றார். கொம்பியூட்டர் என்றால் ரி.வி. மாதிரி ஒன்று இருக்குமே, அது எங்கே என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. மொனிற்றரை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். கம்பனியில் ஒன்று இருக்காதா என்ற நம்பிக்கை.

அந்த இடத்திலேயே என்னை ஜீப்பில் ஏற்றியிருந்தால் இந்தக் கதை இல்லை. சார்ஜன்ட் நல்ல மனிதர். கொம்பியூட்டர் என்றால் அதைப் போட்டுக் காட்டு, காட்டினால் போகலாம் என்றார். பக்கத்தில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கும் ஒரு கொமியுனிகேஷன் கடை. அங்கே அழைப்பு நிமிடத்தைக் கணக்குப் பார்க்க ஒரு கணினி வைத்திருந்தார்கள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அதன் மொனிற்றரைக் கழற்றித் தந்தார். நான் வயர்களைப் பூட்டினேன். சார்ஜன்ட், இரண்டு சிப்பாய்கள், ரெலிபோனுக்குக் காத்திருந்த நாலைந்து பேர் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் புரோகிராமுக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்னும் கூடியதில்லை, பின்னும் கூடியதில்லை. பெருமையோடு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

இங்கே என் இன்னொரு கொள்கையைச் சொல்லவேண்டும். காத்திருக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று சொல்வதுதான் மரியாதை. இப்போதைய சாமான்கள் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டு மனிதனைப் பேயனாக்குகின்றன. என் புரோகிராம் தன் பதிவுகளை ஏற்றப் பத்து நொடி எடுக்கும். ஆகவே அந்தப் பத்து நொடியையும் திரை முழுக்கப் பெரிய சிவப்பு இலக்கங்களால் எண்ணிக் காட்டும்படி எழுதியிருந்தேன். பத்து, ஒன்பது, எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு "பீப்".

எட்டு வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழில் கடைக்காரர் கவுன்ரருக்குக் கீழே போனார். ஆறில் யாரோ "போம்பயக்!" என்று, குண்டு என்று, கத்தினார்கள். ஐந்தில் கடை வெறுமையாகிவிட்டது. ஒரு ரெலிபோன் மட்டும் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டு, "ஹலோ, ஹலோ, என்ன சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு விசையைத் தட்டினால் எண்ணுவது நிற்கும். கையை நீட்டினேன். வாசலுக்கு வெளியே துவக்குகள் நிமிர்ந்தன. "அல்லன்ட எப்பா!" தொடாதே என்கிறார்கள். தொடவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "பய வென்ட எப்பா, சேர்! பய வென்ட எப்பா!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பயப்படவேண்டாம் என்று கத்தினேன். கத்தினவன்தான் அங்கே எல்லோரிலும் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான்.

மூன்று. இரண்டு. ஒன்று.

சைபரில் திரை முழுக்க வாணவெடி விரிந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன், இரண்டு கிழமை கண் முழித்து. வெடி அடங்கியதும், புள்ளி புள்ளியாக நானே வரைந்த எழுத்துகளில் "வருக" என்ற சொல் தமிழில் வந்து நின்றது. முதலில் வெடி, பிறகு தமிழ். அந்தக் காலத்துக் கொழும்பில் இதைவிட மோசமான ஒரு வரிசையை ஆர அமர இருந்து யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நான் பதிந்திருந்த வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்துக்கே நான், பெட்டி, மொனிற்றர், கடைக்காரர் எல்லோரும் ஒரே ஜீப்பில் போனோம். (கடைக்காரரை யாரும் பிடிக்கவில்லை. மொனிற்றரைத் தனியே விடமாட்டேன் என்று அவராகவே ஏறிக்கொண்டார்.) எனக்குப் பயம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பயத்துக்கு நடுவில் ஒரு கோபமும் இருந்தது. ஒரு மனிதன் தான் செய்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் போனான். பிழை பெட்டியிலா இருந்தது?

இன்ஸ்பெக்டர் என் சட்டைப்பையில் இருந்த கம்பனிக் கடிதத்தைப் படித்துவிட்டு அதிலிருந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தார். அரைமணித்தியாலத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினார், என்னை நேர்முகம் காணவிருந்த பிலோ மிஸ். கொட்டாஞ்சேனைக்காரர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் பெரிய கைப்பை, வாயில் தண்ணீர் பட்ட பாடாய்ச் சிங்களம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்டர்வியூவுக்கு வாங்கன்னா பொலிஸுக்கா வாறது?"

"வழியில மறிச்சுப்போட்டினம், மிஸ்."

"இந்தப் பெட்டிய நான் பார்த்திருந்தா நானும்தான் மறிச்சிருப்பேன்."

வேலை போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மட்டும் பெட்டியை விடவில்லை. இது உண்மையில் என்னதான் செய்யும் என்று காட்டச் சொன்னார். மறுபடியும் பத்திலிருந்து எண்ணியது. இம்முறை வாசலடியில் நின்ற பொலிஸ்காரர்கள் நாலில் வெளியே போய், "வருக" வந்தபின் திரும்பி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் அசையாமல் இருந்தார், மேசை விளிம்பை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நான் ஒரு மாணவனின் பெயரைத் தட்டினேன். விபரம் வந்து விழுந்தது.

"வீட்டு நம்பர் வருமா?" இன்ஸ்பெக்டருக்குப் பாதி தமிழ் தெரியும்.

"வரும், சேர்!"

"அப்பா பேர்? சொந்த ஊர்?"

"எல்லாம் வரும் சேர். ஆர் ஆர் ஒரே வீட்டில இருக்கினம் எண்டும் கேக்கலாம்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்காவது வாயைத் திறக்கும்போது பெருமை இருந்திருக்காது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து, பின்னாலிருந்த அலுமாரியைக் கைகாட்டினார். உள்ளே எங்கள் பேரேடுகள். வெள்ளவத்தைப் பக்கத்துத் தமிழ்ச் சனம் முழுக்க அதற்குள் இருந்தது.

"எங்களுக்கும் இதே மாதிரி ஒண்டு. எத்தனை நாள் எடுக்கும்?"

அந்தப் பேரேட்டில் ஒரு பெயரைத் தேட அவர்களுக்கு அரைநாள் வேண்டும். என் பெயரையே மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்காக எத்தனை முறை வரிசையில் நின்று திட்டியிருப்பேன்! ஆனால் அந்தப் பேரேட்டின் சோம்பலில்தான் எங்கள் ஆட்கள் கொஞ்சமாவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது, பொத்தானை அமுக்கினால் வீட்டிலக்கம் விழும் என்று நானே காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் புரோகிராம் அந்த அலுமாரிக்குள் போனால், முதலில் வந்து விழப்போவது அக்கா வீட்டு இலக்கம்.

உண்மையான பதில் மூன்று நாள். தலைப்புகளை மாற்றினால் போதும்.

காத்திருக்கிறவனுக்கு நேரத்தைச் சொல்லவேண்டும் என்ற கொள்கையை நான் கைவிடவில்லை. சொன்னேன்.

"மூண்டு வருசம் செல்லும், சேர்."

"மூண்டு வருசமா? இதுக்கா?"

"இது சின்னப் பிள்ளையளின்ர பேர், சேர். கொஞ்சப் பேர்தான். உங்கட பேரேட்டில ஆயிரக்கணக்கில இருக்கு. ஒரு பேரைத் தமிழில, சிங்களத்தில, இங்கிலீஷில எண்டு மூண்டு விதமாப் போடவேணும். மெஷின் சூடாகும். ஆறவிடவேணும்."

மெஷினை ஆறவிடுவது! அறையில் அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிந்த ஒரே ஆள் பிலோ மிஸ்தான். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பி, இந்தப் பொடியன் சொல்வது சரிதானா என்று கேட்டார். மிஸ் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தார். அவர் ஒரு சொல் சொன்னால், போன வேலையோடு பதிவும் போகும். பொலிஸுக்குப் பொய் சொன்னவன் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

நிமிர்ந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுத்தமான சிங்களத்தில் சொன்னார்: "மூன்று வருடம் என்பது குறைவு, சேர். நாலு போடுங்கள்."

இன்ஸ்பெக்டர் அலுமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எங்களைப் போகச் சொன்னார்.

ஓட்டோவில் என் மடியில் பெட்டி. மிஸ் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு கிழமை வேலை தானே தம்பி?"

"மூண்டு நாள், மிஸ்."

"திங்கக்கிழமை எட்டரைக்கு வாங்க. அந்தப் பெட்டிய மட்டும் கொண்டு வராதீங்க."

அந்தக் கிழமையே கம்பனிக் கடிதத்தோடு அதே நிலையத்துக்குப் போனேன். பேரேட்டில் "காரணம்" என்ற இடத்தில் "தொழில்" என்று எழுதினார்கள். என் பெயரை நாலாவது விதமாக எழுதினார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சொன்னதுதான் நான் செய்த பிழை. அன்றிலிருந்து வீட்டில் கதை ஓயவில்லை. நுண்ணலை அடுப்பு பத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் என் மகள் உட்பட எல்லோரும் "போம்பயக்!" என்று கத்திக்கொண்டு ஹோலுக்கு ஓடுகிறார்கள். சொந்தக்காரர் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வந்து இதைச் சரிபண்ணித் தா என்றால், நான் வாய் திறக்க முன்னமே எல்லோருமாகச் சேர்ந்து, "மூண்டு வருசம் செல்லும், சேர்" என்கிறார்கள். சிரிக்கட்டும். என் கணினி இன்றைக்கும் பத்திலிருந்துதான் எண்ணுகிறது, சைபரில் வாணம் வெடிக்கிறது, தமிழில் வருக என்கிறது. ஒரு இலக்கத்தைக்கூட நான் மாற்றவில்லை.

போன மாதம் ஒருவர் ரெலிபோனில் வந்தார். பெரிய இடம். தெருவில் போகும் சனத்தின் முகத்தைக் கமராவில் பிடித்து, பெயரும் வீடும் சொல்கிற மாதிரி ஒன்று எழுதித் தரமுடியுமா, எவ்வளவு காலம் எடுக்கும் என்று மரியாதையாகக் கேட்டார்.

"மூண்டு வருசம் செல்லும்" என்றேன்.

கறி கிண்டிக்கொண்டிருந்த அக்கா குசினிக்குள்ளிருந்து கத்தினாள்.

"டேய், நாலு எண்டு சொல்லு!"